14 கோரா, 6 கோரா?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சென்னை ரிச்சி தெருவில் பழைய சர்வரிலிருந்து கழற்றிய ஜியான் பிராசசர் மலிவாகக் கிடைக்கிறது, அதில் 14 கோர். கொஞ்சம் கூடப் போட்டுப் புது ஐ5-12400 வாங்கினால் 6 கோர்தான். எதை எடுக்கட்டும் என்று கேட்டிருந்தாய். புடவை டிசைன் போடத்தான் என்றால் ஐ5 எடு. காரணத்தையும் தெரிந்துகொள். கடைக்காரர் எண்ணிக்கையைக் காட்டிப் பேசும்போது உனக்கு அது வேண்டியிருக்கும்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் ஒரு கோர்வைப் புடவை இறங்க இரண்டு வாரம் ஆகிறது என்று வை. பத்துத் தறி போட்டால் அதே இரண்டு வாரத்தில் பத்துப் புடவை இறங்கும். ஆனால் முகூர்த்தத்துக்கு அவசரமாகக் கேட்ட அந்த ஒரு புடவை ஒரு நாள்கூட முன்னால் இறங்காது. பிராசசருக்குள் இருக்கும் ஒவ்வொரு கோரும் ஒரு தறி மாதிரிதான். பிராசசர்களை அளக்கப் பயன்படும் ஸ்பெக் சிபியு 2017 சோதனையே இதனால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ‘ஸ்பீடு’ பிரிவில் ஒரு வேலையைக் கொடுத்து எவ்வளவு நேரத்தில் முடிகிறது என்று பார்ப்பார்கள். ‘ரேட்’ பிரிவில் அதே வேலையின் பல பிரதிகளை ஒரே சமயத்தில் ஓடவிட்டு, குறித்த நேரத்தில் மொத்தம் எவ்வளவு முடிகிறது என்று பார்ப்பார்கள். எந்தப் பிரிவின் மதிப்பெண் என்று சொல்லாமல் ‘இது வேகம்’ என்றால் நம்பாதே.

2022-இல் ஏஎம்டி நிறுவனம் வெளியிட்ட இரண்டு பிராசசர்களை உதாரணமாக எடுத்துக்கொள். ரைசன் 9 7950எக்ஸ் மேசைக் கம்ப்யூட்டருக்கு, எபிக் 9654 சர்வருக்கு. இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே ஜென் 4 கோர். எட்டு எட்டுக் கோராக அச்சான சில்லுகளில் ரைசனில் இரண்டு, எபிக்கில் பன்னிரண்டு. ஆக 16 கோர், 96 கோர். இனி மின்சாரத்தைப் பார். ரைசனுக்கு 170 வாட், எபிக்குக்கு 360 வாட். வகுத்தால் ரைசனில் கோருக்குப் பத்து வாட்டுக்கு மேல் வருகிறது, எபிக்கில் நான்குகூட இல்லை. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும். அழுத்தம் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும். அதனால்தான் ரைசனின் உச்சம் 5.7 கிகாஹெர்ட்ஸ், எபிக்கின் உச்சம் 3.7. தனிக் கோரை ஒப்பிட்டால் ரைசன்தான் முந்துகிறது.

அப்படியானால் 96 கோர் யாருக்கு? காலை 10 மணிக்கு ரயில் தட்கல் முன்பதிவு திறக்கும்போது லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கேட்கிறார்களே, அவர்களுக்கு. ஒவ்வொருவர் கேட்பதும் சின்ன வேலை, பெரும்பாலும் ஒன்றை நம்பி இன்னொன்று இல்லை. உன் வேலை அப்படியில்லை. புட்டாவை வரைகிறாய், முந்தியில் அடுக்குகிறாய், நெசவு கட்டுகிறாய், ஜரிகை எங்கே நீளமாக மிதக்கிறது என்று பார்க்கிறாய், பிறகுதான் தறியின் ஜக்கார்டுக்கான ஃபைல். ஒரு படி முடியாமல் அடுத்தது இல்லை. கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க முடியாது என்றால், 16 கோர் அதை 6.4 மடங்கு வேகமாக்கும், 96 கோர் 9.1 மடங்கு. கோர் ஆறு மடங்கு கூடியும் வேகம் ஒன்றரை மடங்குகூட ஏறவில்லை, பார்த்தாயா! எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். நீயே ஒரு முறை போட்டுப் பார்.

சர்வரிடம் நான் மதிக்கும் விஷயம் வேறு. அதன் நினைவகம் பிழையைத் தானே கண்டு திருத்தும். எலெக்ட்ரானிக் ஜக்கார்டுக்குப் போகும் ஃபைலில் ஒரு பிட் என்பது இழையைத் தூக்கும் ஒரு கொக்கிக்கான கட்டளை. தூக்கு, அல்லது விடு. அது புரண்டால் தூக்க வேண்டிய இழை கீழேயே நிற்கும், அந்த ஃபைலில் நெய்யும் ஒவ்வொரு புடவையிலும் அதே இடத்தில். இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால் மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் இயந்திரத்தில் அபூர்வத்தையும் எதிர்பார்த்துத்தான் ஆக வேண்டும்.

உன் ஜியான் எது என்று எழுதவில்லை. ஈ5-2680 வி4 ஆக இருந்தால் அது 2016-இல் வந்தது. 14 கோர், உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ், 120 வாட். 2022-இல் வந்த ஐ5-12400-க்கு உச்சம் 4.4, 65 வாட். கிகாஹெர்ட்ஸில் தெரிவதைவிட உண்மையான வித்தியாசம் பெரிது, ஏனென்றால் புதிய கோர் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் வேலையை முடிக்கும். அந்த ஜியானில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதியே கிடையாது, கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும். ஐ5-இல் அது உண்டு. மாடல் எண்ணின் கடைசியில் எஃப் போட்டிருந்தால் மட்டும் இருக்காது, அதைப் பார்த்து வாங்கு.

ஒரே டிசைனை இருநூறு நிறச் சேர்க்கையில் படமாக்கி வாடிக்கையாளருக்கு அனுப்புவதுதான் உன் அன்றாட வேலை என்றால் எனக்கு எழுது. அது பிரியும் வேலை, கணக்கு மாறும். எப்படியானாலும் உன்னிடம் இருப்பதிலேயே பெரிய முந்தி ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துப் போ. கடையிலேயே இரண்டு கம்ப்யூட்டரிலும் திறந்து, நெசவு கட்டி, சேமிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று போனில் குறித்துக்கொண்டு, அதன்பிறகு பணத்தைக் கொடு.

அன்புடன்,
மாமா