பரம்பரை வணிகமும் கடன் பொறுப்பும்

தந்தையின் கடையை மகன் பொறுப்பேற்கிறார். கடை நட்டத்தில் மூழ்குகிறது. கடன்கொடுத்தோர் மகனின் சொந்தக் காணியில் கைவைக்க முடியுமா? பரீட்சையில் இவ்வாறான வினா வந்தால் முதலில் அவ்வணிகம் எவ்வகை ஒழுங்கமைப்பு என்பதைப் பாருங்கள். விடை அதிலேயே தங்கியுள்ளது.

1. தனி வியாபாரம்

கணக்கேட்டில் உரிமையாளரும் வணிகமும் வெவ்வேறு. சட்டத்தின் முன் அவ்வாறல்ல, இருவரும் ஒருவரே. எனவே உரிமையாளரின் பொறுப்பு வரையறுக்கப்படாதது. அவர் இறந்தால் கடன்கள் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்படும். வாரிசு தாம் பெற்ற சொத்தின் பெறுமதிக்கு மேல் பொறுப்பாளி அல்லர். ஆனால் தமது பெயரில் கடையை நடத்தத் தொடங்கியபின் ஏற்படும் கடன் முழுவதும் அவருடையதே.

2. பங்குடைமை

இலங்கையில் 1890 ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் ஏற்புடையது. அதன்படி,
* வேறு உடன்பாடு இல்லாவிடின் பங்காளர் ஒருவர் இறந்ததும் பங்குடைமை கலையும்.
* பிள்ளை தானாகவே பங்காளராக முடியாது. ஏனைய பங்காளர்களின் சம்மதம் தேவை.
* புதிதாகச் சேர்பவர், தாம் சேருமுன் ஏற்பட்ட கடன்களுக்குச் சேர்ந்த காரணத்தால் மட்டும் பொறுப்பாளி ஆகார்.

3. வரையறுத்த கம்பனி

கம்பனி தனியான சட்ட ஆளுமை உடையது. 1896 இல் சலமன் எதிர் சலமன் வழக்கில் பிரித்தானியப் பிரபுக்கள் சபை இதனை உறுதிசெய்தது. சப்பாத்து உற்பத்தியாளரான சலமன் தமது குடும்பத்தவரைப் பங்குதாரராக்கி அமைத்த கம்பனி வீழ்ந்தபோதும், அதன் கடனுக்கு அவர் தனிப்பட்ட பொறுப்பாளி ஆக்கப்படவில்லை. இலங்கையில் கம்பனிகள் 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைகின்றன. பங்குகளை மரபுரிமையாகப் பெற்றவர், அவற்றில் செலுத்தப்படாத தொகை இருந்தால் அதற்கு மட்டுமே பொறுப்பாளி.

கவனிக்க: வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட பிணை வைத்துக் கையொப்பமிட்டவருக்கு இப்பாதுகாப்பு உதவாது. பிணை வைத்த அளவுக்கு அவரது சொந்தச் சொத்தும் ஆபத்துக்குள்ளாகும். தந்தையின் பழைய கடனைத் தாமே தீர்ப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்ட மகனின் நிலையும் இதுவே.

மாதிரி வினா

தனி வியாபாரி ஒருவர் இறந்தபோது அவரது கடன் ரூபா 900 000. அவர் விட்டுச்சென்ற சொத்து ரூபா 500 000; அது முழுவதும் கடன்கொடுத்தோருக்குச் செலுத்தப்பட்டது. பின்னர் மகன் அதே கடையைத் தமது பெயரில் நடத்தி, ரூபா 500 000 கடன்பட்டு முறிவடைந்தார். அப்போது கடையின் சொத்து ரூபா 200 000. மகன் எவருக்கும் பிணை நிற்கவில்லை. அவரது தனிப்பட்ட சொத்திலிருந்து அறவிடக்கூடிய தொகை யாது?

விடை

தந்தையின் கடன் மீதி ரூபா 400 000: மகன் பொறுப்பல்லர்.
மகனின் கடன்: ரூபா 500 000 - 200 000 = ரூபா 300 000.

எனவே அறவிடக்கூடியது ரூபா 300 000 ஆகும். இரண்டு தொகைகளையும் கூட்டி ரூபா 700 000 என எழுதுவது பிழை. கடன் யாருடைய காலத்தில், யாருடைய பெயரில் ஏற்பட்டது என்பதைப் பிரித்தறிந்த பின்னரே கணிக்கத் தொடங்குங்கள்.