சிறுத்தைமேல் இருப்பவள் அம்மன் இல்லை

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் பழைய துரை பங்களாக்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

1. அலுமாரி மேலே சாண் உயரத்தில் வெள்ளைச் சிலை இருந்தால் மாபிள் என்று நினைத்துவிடாதீர்கள். அது பேரியன் பீங்கானாக இருக்கலாம். பளிங்குச் சிற்பம் வாங்க வசதியில்லாத வீடுகளுக்கென்று 1840களில் இங்கிலாந்தில் கோப்லண்ட், மின்டன் கம்பெனிகள் செய்யத் தொடங்கிய சரக்கு. மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. உள்ளே வெறும் கூடு.

2. கழுத்தையும் கையையும் பிடித்துத் தூக்காதீர்கள். காரணம், செய்த விதம். பெஞ்சமின் செவர்ட்டன் 1844இல் காப்புரிமை வாங்கிய பொறி ஒன்று உண்டு. அதன் ஒரு முனை பெரிய சிலையைத் தடவிப் போகும். மறுமுனை அதையே சிறிதாகச் செதுக்கும். அந்தச் சிறு உருவிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்து, களிமண் கூழை ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் ஏடு கட்டும். மிச்சக் கூழைக் கொட்டிவிடுவார்கள். தலை, கை, கால் எல்லாம் தனித்தனி வார்ப்பு. ஒட்டிய பிறகுதான் சூளைக்குப் போகும். ஒரு கை எப்போதும் அடியில் இருக்கட்டும்.

3. சிறுத்தைமேல் சாய்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்ததும் அம்மன் என்று கையெடுக்க வேண்டாம். (எடுத்தாலும் தப்பில்லை!) அவள் அரியாட்னே, கிரேக்கரின் மதுக் கடவுள் டயோனிசஸின் மனைவி. ஜெர்மன் சிற்பி டான்னெக்கரின் பளிங்கைப் பார்த்து மின்டன் செய்தது. உடுப்பில்லையே என்று சிரிப்பதை முதல் நாளோடு முடித்துக்கொள்ளுங்கள்.

4. குனிந்து பார்க்கும் பையன் கிரேக்கக் கதையில் வரும் நார்சிசஸ். ஜான் கிப்சனின் சிற்பத்தை 1846இல் கோப்லண்ட் பேரியனில் வார்த்தது. அடியைப் பாருங்கள், கம்பெனிப் பெயர் அழுத்தியிருக்கலாம். முத்திரை இல்லாததும் நல்லதாக இருக்கலாம்.

5. பித்தளை துலக்கும் பிராசோ பட்ட துணி கிட்டவே வரக்கூடாது. தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். பூச்சில்லாத உடம்பில் கறை பிடித்தால் லேசில் போகாது. நம்ம பக்கத்து ஈரமும் கணப்புப் புகையும் சேர்ந்து மடிப்புகளில் கறுப்பாக ஒட்டும். மென்மையான பிரஷ் போதும். கழுவுவதென்றால் பழைய ஒட்டு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். சுடுதண்ணீரில் அது கழன்றுவிடும்.

6. விரல் ஒடிந்தால் பயந்து குப்பையில் போடாதீர்கள். துண்டைக் கடதாசியில் மடித்து, அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். சுப்பர் குளூ வேண்டாம்.