ஷிப்டு நேரத்துக்கு ஒரு காப்பகம்

கேள்வி: ஒரகடம் தொழிற்பகுதியில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களின் சிறு குழந்தைகளுக்கு அரசு என்ன செய்யலாம்?

பதில்: காப்பகங்களை அரசே நடத்தலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தது 2017 மகப்பேறு சட்டத் திருத்தம். ஆனால் ஒப்பந்தக்காரர் மூலம் ஒடிசாவிலிருந்து வந்து, தகரக் கொட்டகையில் தங்கிக் கட்டட வேலை பார்க்கும் தாய்க்கு அது நடைமுறையில் எட்டுவதில்லை. அங்கன்வாடியும் சாயங்கால ஷிப்டு முடியும்வரை திறந்திருக்காது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நின்றுவிட்டால், அவள் படிப்பும் போகிறது. பணம் எங்கே என்பார்கள். அருகிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்களுக்கு ரூ.706.50 கோடியில் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் எழுப்பிய விடுதி 2024-இல் திறக்கப்பட்டதே! ஆலைகளிடம் வாங்கும் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பங்கைச் சிப்காட் இதற்கு ஒதுக்கட்டும். ஆயாக்களை அரசு நியமிக்கட்டும். விடியற்காலை 5 மணிக்கே கதவு திறக்கட்டும்.