கூட்டணியில் ஒரு பசுமைக் கட்சி

நம்ம பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் யார், எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள. முறை வராத அன்றைக்கு வலை கரையில்தான். கூட்டணி ஆட்சியும் ஏறக்குறைய இதுதாங்க.

ஜெர்மனியில் 1980-ல் தொடங்கிய பசுமைக் கட்சி, 1998 தேர்தலில் 6.7 சதவீத ஓட்டு வாங்கி, ஷ்ரோடரின் சமூக ஜனநாயகக் கட்சியோடு ஆட்சியில் சேர்ந்தது. மந்திரி பதவி மூன்று. "அணு உலையை உடனே மூடு" என்று ரோட்டில் நின்றவர்கள், மின்சாரக் கம்பெனிகளோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டியதாயிற்று. 2000 ஜூனில் வந்த ஒப்பந்தப்படி, ஓர் உலைக்குத் தொடங்கிய நாளிலிருந்து சுமார் 32 வருஷ ஆயுள். உடனே எங்கே, 32 எங்கே! சொந்தக் கட்சிக்காரர்களே முணுமுணுத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் கொசோவோ போரை ஆதரித்ததற்காக, வெளியுறவு மந்திரி ஃபிஷர் காதில் கட்சி மாநாட்டிலேயே சிவப்புச் சாயப் பை வந்து விழுந்தது. அகிம்சை பேசிய கட்சி!

ஆனாலும் அவர்கள் ஏமாந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பின்னால் வந்த ஆட்சிகள் கெடுவை நீட்டின, சுருக்கின. 2023 ஏப்ரல் 15-ல் கடைசி மூன்று உலைகளும் நின்றன.

நம்ம பக்கம்? காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை அனுமதிக்க மாட்டோம் என்று 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குக் கொடுத்தது. இப்படிப் பெரிய கட்சியிடம் வாக்கு வாங்கினால் போதுமா, சொந்தச் சீட்டோடு பாட்டில் இறங்க வேண்டுமா? கும்மிடிப்பூண்டி ரயிலில் நாங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் வருகிறோம்.