இறால் கோய் குவன்: அரிசித்தாளில் சுற்றும் முறை

வியட்நாமின் தென்பகுதியில் கோய் குவன் என்று வழங்கும் இறால் சுருள், வேகவைத்த இறாலையும் பன்றி இறைச்சியையும் அரிசி சேமியாவையும் பச்சைக் கீரை வகைகளையும் ஈரப்படுத்திய மெல்லிய அரிசித்தாளில் வைத்துச் சுற்றி, எண்ணெயில் பொரிக்காமல், சாஸில் தொட்டு உண்ணும் உணவாகும். உணவகங்களில் ஃபிரெஷ் ஸ்பிரிங் ரோல், சம்மர் ரோல் என்ற பெயர்களில் கிடைப்பதும் இதுவே. இதன் பொரித்த உறவான சாயோ, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தோசீனாவில் பணியாற்றிக் குடும்பத்துடன் ஊர் திரும்பிய தமிழர்கள் வழியாகப் புதுச்சேரி வீடுகளுக்கு வந்து, அங்கே இன்றும் செய்யப்படுகிறது. பொரித்த சுருளில் நேரும் சிறு குறைகளைக் கொதிக்கும் எண்ணெய் மறைத்துவிடும். பொரிக்காத சுருளிலோ தாள் சற்றுக் கூடுதலாக நனைந்தாலும், உள்ளீட்டில் ஒரு துளி நீர் தங்கினாலும் அது உடனே வெளிப்பட்டுவிடும். ஆகவே இதைச் செய்யக் கற்பது என்பது பெரும்பாலும் ஈரத்தை அளவறிந்து கையாளக் கற்பதே ஆகும்.

அரிசித்தாள் உருவாகும் விதத்தை அறிந்துகொண்டால் அதைக் கையாள்வது எளிதாகும். ஊறவைத்து அரைத்த அரிசி மாவை நீர்க்கக் கரைத்து, கொதிக்கும் பானையின் வாயில் இழுத்துக் கட்டிய துணியின் மேல் மெல்லிய வட்டமாகப் பரப்பி, ஆவியில் வேகவைத்தெடுத்து, மூங்கில் தட்டிகளில் வெயிலில் உலர்த்துவர். நம் வீடுகளில் செய்யும் இலை வடாமின் முறைக்கு இது மிக நெருங்கியது. தாளின் ஒரு பக்கத்தில் காணப்படும் குறுக்கும் நெடுக்குமான கோடுகள் அந்த மூங்கில் தட்டியின் பதிவுகளாகும். தை நின் மாகாணத்தைச் சேர்ந்த ட்ராங் பாங் என்ற ஊரில், உலர்ந்த தாளை இலேசாகச் சுட்டு, இரவுப் பனியில் வைத்து ஈரம் ஏற்றி, நீரில் நனைக்காமலேயே சுற்றத்தக்க தாளாக்கும் வழக்கம் உண்டு. கடைகளில் கிடைப்பது முற்றும் உலர்ந்த தாளே. அரிசி மாவு மட்டும் கொண்ட தாள் மென்மையானது என்றாலும் எளிதில் கிழியும். மரவள்ளி மாவு கலந்த தாள் இழுவைத் தாங்கும் என்பதால், புதிதாகச் செய்பவர் உறையில் அச்சிட்ட சேர்க்கைப் பட்டியலைப் பார்த்து இரண்டாம் வகையை வாங்குவது நல்லது. 22 சென்டிமீட்டர் விட்டமுள்ள தாள் வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொருத்தமானது.

பன்னிரண்டு சுருள்களுக்கு நடுத்தர அளவுள்ள இறால் 18, கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக உள்ள பன்றியின் வயிற்றுக்கறி 250 கிராம், நூல் போன்ற அரிசி சேமியா 150 கிராம், லெட்டூஸ் இலை 12, புதினாவும் கொத்தமல்லியும் ஒவ்வொரு கட்டு, தட்டையான தாள்களைக் கொண்ட பூண்டுத்தாள் 24 ஆகியவை தேவைப்படும். பெரில்லா எனப்படும் ஊதா நிற இலை கிடைத்தால் சேர்க்கலாம். கிடைக்காவிடில் புதினாவின் அளவைக் கூட்டினால் போதும். பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் அதை விட்டுவிட்டு இறாலின் அளவைக் கூட்டுவதே சிறந்தது. கோழியின் நெஞ்சுக்கறியைச் சேர்த்தால் சுருள் வறண்டுபோகும். இறால், வேர்க்கடலை இரண்டும் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குபவை என்பதால், விருந்தினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம்.

முதலில் இறைச்சியை உப்பும் ஒரு சிறிய வெங்காயமும் சேர்த்த நீரில், அல்லது தென் வியட்நாமிய வழக்கப்படி இளநீரில், மெல்லிய கொதியில் சுமார் அரை மணி நேரம் வேகவைத்து, கத்திமுனையால் குத்தும்போது வடியும் சாறு தெளிவாக இருப்பதைக் கண்ட பிறகு வெளியே எடுத்து நன்கு ஆறவிட வேண்டும். சூட்டோடு நறுக்கினால் அடுக்குகள் பிரிந்து துண்டுகள் உதிரும். ஆறிய இறைச்சியை 2 மில்லிமீட்டர் கனத்தில், ஏறக்குறைய மறுபுறம் தெரியும் அளவு மெல்லியதாகச் சீவலாம். வெந்த நீரைக் கொட்டாமல் இறாலுக்கும் சாஸுக்கும் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சுருளின் அழகும் சுவையும் இறாலைச் சார்ந்தே அமைவதால், அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். தலை உடலோடு உறுதியாக ஒட்டியிருப்பதும், ஓடு பளபளப்பாக இருப்பதும், கடல் மணத்தைத் தவிர வேறு நெடி இல்லாதிருப்பதும் புதிய இறாலின் அடையாளங்கள். உறைந்த இறாலை முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கிக்கொள்ள வேண்டும். முதுகுப்புறத்தில் ஓட்டின் இரண்டு வளையங்களுக்கு இடையே பல்குத்தும் குச்சியை நுழைத்து மெல்ல நெம்பினால், குடலாகிய கறுப்பு நரம்பு அறுபடாமல் இழையாக வெளிவந்துவிடும். அதன்பின் மெல்லிய மூங்கில் குச்சி ஒன்றை வயிற்றுப்புறமாக வாலிலிருந்து தலை நோக்கி நீளவாக்கில் செருக வேண்டும். இவ்வாறு செய்தால் இறால் வேகும்போது சுருளாமல் நேராக நிற்கும். ஓட்டோடு வேகவைப்பதே நல்லது, ஏனெனில் ஓடு சதையின் சாற்றைக் காப்பதோடு நீருக்கும் சுவை தருகிறது. பச்சை இறாலில் உள்ள அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமி ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால் ஓடு சாம்பல் நீலமாகத் தோன்றுகிறது. சூட்டில் புரதம் சிதைந்து நிறமி விடுபடும்போது செம்மை வெளிப்படுகிறது. ஆனால் ஓடு சிவந்துவிட்டது என்பதால் உட்சதையும் வெந்துவிட்டது என்று கொள்ளலாகாது. கொதி அடங்கிய சூடான நீரில் இரண்டு, மூன்று நிமிடங்கள் வைத்து, சதை கண்ணாடித் தன்மை நீங்கி முழுவதும் வெண்மையான உடனே எடுத்துப் பனிக்கட்டி நீரில் போட வேண்டும். மேலும் ஒரு நிமிடம் தாமதித்தாலும் சதை ரப்பரைப் போல இறுகும். குளிர்ந்த பின் குச்சியை உருவி, ஓட்டை உரித்து, துணியால் ஒற்றி உலர்த்தி, கூரிய கத்தியால் முதுகிலிருந்து வயிறு வரை நீளவாக்கில் இரு பாதிகளாகப் பிளக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ளும் சாஸைச் சுற்றத் தொடங்கும் முன்பே செய்து ஆறவைப்பது வழக்கம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பொடியாக நறுக்கிய பூண்டைப் பொன்னிறமாக வதக்கி, சோயா பயறைப் புளிக்கவைத்துச் செய்யும் இனிப்புக் குழம்பான ஹோய்சின் சாஸ் நான்கு மேசைக்கரண்டியும் வேர்க்கடலை வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியும் சேர்த்து, எடுத்து வைத்த இறைச்சி நீரில் அரைக் கோப்பை ஊற்றி, கரண்டியின் முதுகில் படியும் பதம் வரும்வரை கிளறி இறக்கலாம். பரிமாறும்போது உடைத்த வறுத்த வேர்க்கடலையும் அரைத்த சிவப்பு மிளகாயும் மேலே தூவப்படும். இனிப்பு விரும்பாதவர்களுக்கு, உப்பிட்ட நெத்திலியை மாதக்கணக்கில் புளிக்கவைத்து வடித்தெடுக்கும் மீன் சாஸ், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை ஆகியவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பங்கு, நீர் மூன்று பங்கு என்ற அளவில் கலந்து, பூண்டும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்ட தெளிந்த சாஸ் பொருந்தும்.

சேமியாவை உறையில் குறித்துள்ள நேரம் வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, சல்லடையில் பரப்பிக் கால் மணி நேரமாவது நீர் வடியவிட வேண்டும். அப்போதுதான் அது ஒன்றோடொன்று ஒட்டிய சிறு கற்றைகளாகக் கையில் எடுக்க வரும். இலைகளைக் கழுவி, துணியில் சுருட்டி, ஈரம் சற்றும் இல்லாதபடி ஒற்றியெடுப்பதும், புதினாவிலும் லெட்டூஸிலும் உள்ள தடித்த காம்புகளைக் கிள்ளி நீக்குவதும் கட்டாயம். ஈர இலை தாளை உள்ளிருந்தே கரைத்துவிடும்; காம்பு அதைக் குத்திக் கிழிக்கும்.

எல்லாப் பொருள்களையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்த பிறகே முதல் தாளை நனைக்க வேண்டும், ஏனெனில் நனைந்த தாள் காத்திருக்காது. தாளை விட அகலமான தட்டில் சாதாரண வெப்பமுள்ள நீரை ஊற்றிக்கொள்ள வேண்டும். வெந்நீர் தாளைக் கணத்தில் குழைத்துவிடுவதால் தவிர்க்கத்தக்கது. தாளை நீரில் இறக்கி ஒரு சுற்றுச் சுழற்றி, மூன்று நொடிக்குள், அது இன்னும் விறைப்பாக இருக்கும்போதே தூக்கி, சொட்டும் நீரை உதறிவிட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் நீரிலேயே மென்மையாகட்டும் என்று விட்டுவைப்பதுதான் தாள் கிழிவதற்குத் தலையாய காரணம். தாளின் மேல் ஒட்டிய ஈரமே அடுத்த அரை நிமிடத்தில் உள்ளிறங்கி அதை வளையச் செய்துவிடும். வழவழப்பான பக்கம் கீழே இருக்குமாறு பிளாஸ்டிக் பலகையிலோ பெரிய பீங்கான் தட்டிலோ தாளை விரிக்க வேண்டும். உலர்ந்த மரப்பலகையில் தாள் ஒட்டிக்கொள்ளும்.

சுற்றுபவருக்கு அருகிலுள்ள மூன்றில் ஒரு பகுதியில் முதலில் லெட்டூஸ் இலையை வைத்து, அதன்மேல் ஒரு கற்றைச் சேமியா, இரண்டு துண்டு இறைச்சி, சில புதினா, கொத்தமல்லி இலைகள் ஆகியவற்றைப் பத்து சென்டிமீட்டர் நீளமும் கட்டைவிரலைப் போல இரு மடங்கு கனமும் உள்ள வரிசையாக அடுக்க வேண்டும். கீழ் விளிம்பைத் தூக்கி உள்ளீட்டின் மேல் போர்த்தி, விரல்களால் உள்நோக்கி இழுத்து இறுக்கியவாறு ஒருமுறை உருட்டிய பின், இரு பக்க விளிம்புகளையும் உட்புறமாக மடிக்க வேண்டும். இப்போது எஞ்சியுள்ள தாளின் மேல், உருட்டிய பகுதியை ஒட்டி, மூன்று இறால் பாதிகளைச் செந்நிறப் பக்கம் கீழே இருக்குமாறு வரிசையாக வைத்து, பூண்டுத்தாள் இரண்டை ஒரு முனையில் மூன்று சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பக்கத்தில் கிடத்தி, கடைசிவரை உருட்டினால் விளிம்பு தானாகவே ஒட்டிக்கொள்ளும். இறாலை முதலிலேயே உள்ளே வைத்தால் அது சேமியாவில் மறைந்துவிடும். இறுதியில் வைப்பதால் ஒற்றைத் தாளின் வழியே அதன் செவ்வரிகள் தெளிவாகத் தெரிகின்றன.

கிழிந்த சுருளின் மேல் இன்னொரு தாளைச் சுற்றிச் சமாளிக்கலாம் என்றாலும், இரட்டைத் தாள் மெல்வதற்குக் கடினமாகிவிடும். உள்ளீட்டை எடுத்துப் புதிய தாளில் மீண்டும் சுற்றுவதே முறை. சுருள் தளர்ந்து தொங்கினால் உருட்டும்போது போதிய இழுவை இல்லை என்றும், மடிப்பில் வெடித்தால் உள்ளீடு மிகுந்துவிட்டது என்றும் அறியலாம்.

முடித்த சுருள்களை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, இடையிடையே லெட்டூஸ் இலை வைத்து, பிழிந்த ஈரத்துணியால் மூட வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் வெந்த அரிசியின் மாவுச்சத்து மீண்டும் இறுகித் தாள் தோல் போலாகிவிடும். வெளியிலோ வெந்த இறால் நெடுநேரம் தாங்காது. எனவே சுற்றிய இரண்டு மணி நேரத்திற்குள், கோடை வெப்பத்தில் ஒரு மணி நேரத்திற்குள், உண்டுவிடுவது பாதுகாப்பானது. முன்கூட்டியே ஆயத்தம் செய்ய விரும்புவோர் இறால், இறைச்சி, இலைகள் ஆகியவற்றைத் தனித்தனியே குளிரில் வைத்திருந்து, வியட்நாமிய வீடுகளில் பரவலாக உள்ள வழக்கப்படி, அனைத்தையும் மேசையின் நடுவில் வைத்து அவரவர் சுற்றி உண்ணும்படி பரிமாறலாம். அவ்வாறு பரிமாறும்போது இருவருக்கு ஒரு நீர்த்தட்டு என்ற கணக்கில் வைத்து, மாவு கரைந்து நீர் வழவழப்பான உடனே அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.