மொட்டை மாடியில் கோல்ஃப்: மட்டையை எவ்வளவு ஓங்கலாம்?

கொடுங்கையூரில் கோல்ஃபா என்று சிரிக்க வேண்டாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். காஸ்மோபாலிட்டன் கிளப்பின் கோல்ஃப் மைதானம் அங்கேதான் இருக்கிறது. மைதானம் போவதற்குள் கையை வீட்டிலேயே பழக்கலாம். (வலது கைக்காரர்களுக்கான குறிப்புகள் இவை.)

1. டிரைவர் மட்டை சுமார் 45 அங்குலம். கை நீளமும் சேரும் என்பதால் சுற்றிலும் எட்டடி காலியாக இருக்கட்டும். தண்ணீர் டேங்க், கொடிக்கயிறு, டிஷ் ஆன்டெனா ஜாக்கிரதை. மாடியில் பந்து கூடவே கூடாது.

2. டிரைவரை ஓங்கும்போது தண்டு தரைக்குப் படுக்கையாக வந்தால் போதும் என்பார்கள். ஜான் டேலி அதையும் தாண்டி முதுகுப் பக்கம் தொங்கவிடுவார்; 1991-இல் பிஜிஏ சாம்பியன்ஷிப் வென்றார். ஜான் ராம் பாதியிலேயே நிறுத்திவிடுவார். அவருக்கு 2023 மாஸ்டர்ஸ். எனவே தண்டை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள். இடது தோள் தாடைக்குக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் போனால் முழங்கைதான் மடங்கும். இடுப்பு திரும்பாதவர்கள் இடது குதிகாலைக் கொஞ்சம் தூக்கலாம். ஜாக் நிக்லாஸே அப்படித்தான் ஆடினார்.

3. ஏழாம் எண் அயர்னுக்கு முக்கால் ஓங்கல். பந்தில் சுத்தமாகப் பட்டாலே தூரம் வரும்.

4. வெட்ஜில்தான் வேலை அதிகம். நாசாவில் வேலை பார்த்த டேவ் பெல்ஸ் சொன்ன கடிகார முறையைப் பழகுங்கள். எதிரே நிற்பவர் பார்வையில் உங்கள் இடது கைதான் முள். ஏழரை, ஒன்பது, பத்தரை என்று மூன்று நிறுத்தம். மூன்றுக்கும் மூன்று தூரம். கைப்பிடிச் சுவரில் செல்போனைச் சாய்த்து வீடியோ எடுங்கள். ஒன்பது என்று நினைத்து ஓங்கிய கை பதினொன்றில் நிற்பது அப்போது தெரியும். நிறைய ஓங்கிவிட்டு, இறக்கும்போது பயந்து வேகத்தைக் குறைப்பதுதான் பலரையும் கெடுப்பது. குறைவாக ஓங்குங்கள், தயங்காமல் அடித்து முடியுங்கள்.

5. பட்டருக்கு ஹாலே போதும், பந்தும் வைக்கலாம். டைல்ஸ் இணைப்புக் கோட்டின்மேல் பந்தை வையுங்கள். இரண்டடி டைல்ஸ் என்றால் கால் டைல் பின்னே, கால் டைல் முன்னே. தூரம் கூடினால் அரை டைல். மட்டை கோட்டை விட்டு விலகுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

6. மழை பெய்த மறுநாள் மாடிப் பக்கம் போகாதீர்கள், பாசி வழுக்கும். அன்றைக்கு ஹாலில் பட்டர் மட்டும்.