போலந்தின் நிரலாளர்கள்: ஊதியமும் உரிமையும்

கடன் விண்ணப்பங்களை ஆராயும் அலுவலர்க்கு மென்பொருள் நிறுவனங்கள் எப்போதும் சற்றே தயக்கம் தருபவை. நிலம் இராது, ஆலை இராது, சரக்கு இருப்பும் இராது. ஐந்தொகையில் தென்படுவன சில கணினிகளும் மேசை நாற்காலிகளுமே. மெய்யான சொத்தாகிய ஊழியர் திறன் அதில் எந்தத் தலைப்பின் கீழும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அத்திறன் ஒரு நாட்டின் வருவாயையே உயர்த்தக்கூடும். எவ்வழியில் உயர்த்துகிறது, எங்கே கசிந்து போகிறது என்பதைப் போலந்தின் அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது.

அந்நாட்டில் கணிதப் பயிற்சிக்கு நீண்ட மரபு உண்டு. ஜெர்மானிய இராணுவத்தின் எனிக்மா மறைகுறியீட்டை 1932-இல் உடைத்த மரியன் ரெயெவ்ஸ்கி, போஸ்னான் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்றவர். பின்னர் வந்த பொதுவுடைமை ஆட்சியில் மூலதனத்துக்குப் பஞ்சம் இருந்தது. கணிதக் கல்வியோ தொடர்ந்தது. பள்ளி மாணவர்க்கான கணினியியல் ஒலிம்பியாட் 1993-இல் தொடங்கியது. பல்கலைக்கழக அணிகளுக்கான உலக நிரலாக்கப் போட்டியில் வார்சா பல்கலைக்கழகம் 2003-இலும் 2007-இலும் முதலிடம் பெற்றது.

இத்திறன் வருவாயாக மாறும் வழிகள் இரண்டு. ஒன்று ஊதியம். போலந்து சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய பின் இன்டெல் கதான்ஸ்கிலும், மோட்டரோலா கிராக்கோவிலும், கூகுள் வார்சாவிலும் மென்பொருள் மையங்களை நிறுவின. பொறியாளரின் சம்பளம் உள்நாட்டுச் செலவாகவும் வரியாகவும் பரவுகிறது. சேவை ஏற்றுமதி அந்நியச் செலாவணி ஈட்டுகிறது. நல்ல வருவாய்தான், எனினும் எழுதிய நிரலின் உரிமை அயல்நாட்டுத் தலைமையகத்தைச் சேரும்.

மற்றொன்று அந்த உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொள்வது. வார்சாவின் சிடி புரொஜெக்ட் 1994-இல் தொடங்கியபோது பிறர் படைத்த விளையாட்டு வட்டுகளை விற்று வந்தது. பின்னர் சொந்தமாக உருவாக்கி 2015-இல் வெளியிட்ட 'தி விட்சர் 3' விளையாட்டு 5 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றுள்ளது. முதல் பிரதிக்குப் பல ஆண்டு உழைப்பு தேவை. அடுத்தடுத்த பிரதிகளுக்குச் செலவு மிகச் சொற்பம். ஜெஷூவ் நகரின் அசெக்கோ வங்கி மென்பொருளிலும், கிராக்கோவில் பேராசிரியர் யானுஷ் பிலிப்பியாக் 1993-இல் தொடங்கிய கோமார்ச் தொலைத்தொடர்பு மென்பொருளிலும் இவ்வழியே வளர்ந்தன.

வங்கிப் பணியில் இருக்கும் எனக்கு இவற்றினும் பிளிக் என்னும் பணம் செலுத்தும் முறையே கருத்தைக் கவர்கிறது. 2015-இல் ஆறு வங்கிகள் கூடித் தொடங்கியது அது. நம் யூபிஐ முறைக்கு ஓராண்டு மூத்தது. வாடிக்கையாளர் தம் வங்கியின் கைப்பேசிச் செயலியைத் திறந்தால் ஆறிலக்க எண் ஒன்று தோன்றும். இரண்டு நிமிடமே செல்லுபடியாகும் அவ்வெண்ணைக் கடையின் இணையத்தளத்திலோ ஏடிஎம் இயந்திரத்திலோ பதிய வேண்டும். உடனே தொகை செயலியில் தெரியும். அதனை உறுதி செய்த பின்னரே பணம் செல்லும். அட்டை எண்ணைக் கடைக்காரரிடம் தெரிவிக்கும் தேவையே எழுவதில்லை. தமக்குள் போட்டியிடும் ஆறு வங்கிகள் ஒரே மேசையில் அமர்ந்தது, நிரல் எழுதியதைவிடக் கடினமான செயல் என்றே கருதுகிறேன்.

கசிவும் உண்டு. ஓப்பன்ஏஐ நிறுவனர்களுள் ஒருவரான வோய்ச்செக் ஸரெம்பா வார்சாவில் பயின்றவர்; அவர் பங்கேற்று உருவாக்கிய நிறுவனமோ அமெரிக்காவில் உள்ளது. போலந்து நண்பர் இருவர் 2022-இல் தொடங்கிய லெவன்லாப்ஸ் என்னும் குரல் தொழில்நுட்ப நிறுவனமும் தலைமையகத்தை வெளிநாட்டிலேயே அமைத்துக்கொண்டது.

2019-இல் போலந்து அரசு இரு வரிச்சலுகைகளைக் கொணர்ந்தது. தகுதிபெற்ற மென்பொருள் உரிமையால் ஈட்டும் வருமானத்துக்கு வரி 5 விழுக்காடு. 26 வயதுக்கு உட்பட்டோரின் ஊதியத்துக்கு ஒரு வரம்பு வரை வருமான வரி விலக்கு. சலுகை ஆளை நிறுத்தி வைக்கலாம். தொழிலை வளர்க்க இழப்பைத் தாங்கவல்ல பங்கு முதலீடு வேண்டும். வைப்பாளர் பணத்தைக் கையாளும் வங்கி அதனைத் தருவது கடினம். வங்கியின் முறை அடுத்த கட்டத்தில் வருகிறது. பல்லாண்டு ஒப்பந்தங்கள், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பராமரிப்புக் கட்டணம், வரவேண்டிய தொகைகள் ஆகியவற்றை ஈடாகக் கொண்டு நடைமுறை மூலதனக் கடன் வழங்கலாம். வங்கிகளுக்கு மென்பொருள் அளிக்கும் நிறுவனத்திடம் இவை எப்போதும் இருக்கும்; விளையாட்டு உருவாக்கும் நிறுவனத்திடம் அடுத்த வெளியீட்டு நாள் வரை பெரும்பாலும் இரா.